இடது தோளுக்கு முக்கால் இஞ்ச்

என் மகளின் முதுகெலும்பு வளைந்துகொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். டாக்டர் சொல்வதற்கு எட்டு மாதம் முன்பே அது என் அளவு நோட்டில் இருந்தது, என் கையெழுத்தில், இஞ்ச் கணக்கில். நான் கண்டுபிடித்ததை மறைக்கவும் செய்தேன். இரண்டையும் ஒரே நாளில், ஒரே டேப்பை வைத்துக்கொண்டு செய்தேன்.

நான் வீட்டிலிருந்தே பெண்களுக்குத் துணி தைக்கிறேன். காரைக்காலில் எங்கள் தெருவில் மட்டும் மெஷின் ஓடுகிற வீடு நாலு இருக்கிறது. இருந்தாலும் மாங்கனித் திருவிழாவுக்கு முந்தின வாரம் பட்டினச்சேரியிலிருந்து பஸ் ஏறி, ஜாக்கெட் துணியைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். என் கை உடம்பின் கோணலை மறைக்கும் என்று பெயர். ஒரு பக்கம் தோள் இறங்கியவர்கள், மார்பில் ஆபரேஷன் ஆனவர்கள், யார் வந்தாலும் நான் தைத்ததைப் போட்டு நின்றால் நேராகத் தெரிவார்கள். அதில் எனக்குத் திமிரும் உண்டு. துணிக்குப் பொய் சொல்லத் தெரிய வேண்டும் என்று வேலை பழக வருகிற பெண்களிடம் பெரிதாகச் சொல்வேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது தைத்துவிடலாம் போல இருக்கிறது.

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஐம்பது நாள் லீவு. எங்களுக்கு ஒரே பிள்ளை, இந்த மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்போம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் அவர் அங்கே போனதே இந்த வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பத்தான். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாடிக்குத் தூண் எழும்பியது. ஒவ்வொரு லீவுக்கும் கொஞ்சம் வளர்ந்தது. மகளும் வளர்ந்தாள். இரண்டும் சரியாக வளர்கின்றன என்றுதான் நானும் அவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சின்ன வயதில் வியாழக்கிழமைதோறும் நான்தான் அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். முதுகைத் தேய்க்கும்போது நெளிவாள், சிரிப்பாள், தண்ணீரை என் மேல் இறைப்பாள். பன்னிரண்டு வயதில் பெரிய மனுஷி ஆனாள். மறு வாரமே குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். நான் தட்டினேன். நானே குளிச்சுக்கறேன் உம்மா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெண்பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் முதுகை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. பள்ளிக்கு சுடிதார், அதன்மேல் ஓவர்கோட், மடித்துக் குத்திய துப்பட்டா. வெளியே போனால் அபாயா. அவளாலும் பார்க்க முடியாது. முதுகு அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு அவளுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு சுடிதார் தைக்க அளவெடுத்தேன். மற்றவர்களுக்கு எடுக்கிற மாதிரிதான், உடுப்பின் மேலேயே டேப் போட்டு. இடது தோள் கால் இஞ்ச் இறங்கியிருந்தது. நேராக நில் என்றேன். நேராகத்தான் நிற்கிறேன் என்றாள். புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுகிறாய், எந்நேரமும் போனைப் பார்த்துக் கவிழ்ந்து உட்காருகிறாய் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். திரும்ப எடுத்தேன். அதே கால் இஞ்ச். நோட்டில் எழுதினேன். பிறகு எந்த வாடிக்கையாளருக்கும் செய்வதைச் செய்தேன். இடது தோளை உயர்த்திக் காட்ட மடிப்பு வைத்த கேன்வாஸ் கெட்டித்துணி ஒரு துண்டு, வலது பக்கம் கீழ் ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் துணி. பத்து நிமிஷ வேலை. பெருநாளன்று போட்டுக்கொண்டு வந்தாள், நூல் பிடித்த மாதிரி நின்றது.

எழுபது நாள் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அரை இஞ்ச். அதையும் எழுதினேன். இந்தத் தடவை கேன்வாஸ் போதாமல் மெல்லிய ஸ்பாஞ்சும் வைத்தேன். அவள் வாப்பா குவைத்திலிருந்து ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய ரெடிமேட் கவுன் அதே சமயம்தான் வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்தாள். ஒரு தோளில் வழிந்தது, முதுகில் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தது, கீழே ஓரம் சாய்ந்து தொங்கியது. கம்பெனிக்காரன் தூங்கிக்கொண்டே வெட்டியிருக்கிறான் என்று நான் சொன்னேன். இருவரும் அந்தக் கவுனைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். உம்மா தைத்தால்தான் எனக்குச் சரியாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு இருமல் வந்து மூன்று வாரம் விடவில்லை. பக்கத்தில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பின்பக்கம் சட்டையைத் தூக்கி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இன்னொரு கையால் விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கீழே தொடுகிற மாதிரிக் குனியம்மா என்றார். மகள் குனிந்தாள். என்னை இந்தப் பக்கம் வந்து பார்க்கச் சொன்னார்.

குளியலறைக் கதவு தாழ் விழுந்த பிறகு நான் என் மகளின் முதுகைப் பார்த்தது அப்போதுதான். வலது பக்கம் விலா எலும்புகள் மேடாக எழும்பியிருந்தன. இடது பக்கம் பள்ளம். நடுவே ஓட வேண்டிய கோடு நேராக ஓடவில்லை. நான் எண்ணெய் தேய்த்த முதுகு அது இல்லை. எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, கோபம். யாரோ என் பிள்ளையை எடுத்துக்கொண்டு வேறு பிள்ளையைக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு கோபம்.

இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"தெரியல டாக்டர். இப்பத்தான் பாக்கறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். எப்போதிலிருந்து என்று மாதத்தோடு இருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. அளந்தேன், எழுதினேன், அதற்கேற்ற மாதிரி வெட்டினேன். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று நான் நாலு தடவை பிரித்துப் பார்ப்பேன். பிள்ளையின் தோள் இறங்கியதற்கு மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

தஞ்சாவூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். முப்பத்திரண்டு டிகிரி வளைவு. வளர்கிற வயதில் சில பெண்பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், காரணம் தெரியாது, பையைத் தூக்கியதாலோ குனிந்து உட்கார்ந்ததாலோ வந்ததில்லை என்றார். அதைக் கேட்டதும் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம் இவள் வளர்வாள். அது முடிகிற வரைக்கும் கெட்டியான ஒரு பெல்ட்டை இரவு பகலாகப் போட்டிருந்தால் வளைவு கூடாமல் நிறுத்திவிடலாம், குறைப்பது முடியாது, நிறுத்தலாம் என்றார். வளர்ச்சி நின்ற பிறகு பெல்ட்டுக்கு வேலை இல்லை என்பதையும் சொன்னார். அதை இரண்டு தடவை சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

எக்ஸ்ரேயைப் போனில் படம் எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். கோணலாக நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள், நேராக நிற்கச் சொல்லி இன்னொன்று எடு என்று பதில் வந்தது. நான் கூப்பிட்டு விளக்கினேன். நீளமாக மூச்சு விட்டார். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். வீடியோவில் அவருக்குத் தெரிவது அவள் முகமும் கழுத்தும்தான். முகம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்னிடம் சொன்னார்.

"நான் வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் பெல்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவசரப்பட்டு எதையாவது செஞ்சு வைக்காத."

ஆண் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இந்த வார்த்தையை யாரும் மீறுவதில்லை. எங்கள் வீடுகளில் எல்லாமே லீவுக்குக் காத்திருக்கும். ஒழுகுகிற கூரை காத்திருக்கும், பையனுக்குச் சுன்னத்து காத்திருக்கும், கிழவருக்குக் கண் ஆபரேஷன் காத்திருக்கும், சண்டைகூட அவர் வந்து தீர்க்கட்டும் என்று காத்திருக்கும். பழகிப்போனதால் அது கஷ்டமாகவும் தெரியாது. எலும்புக்கு மட்டும் அவர் லீவு எப்போது என்று தெரியவில்லை.

பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மீறியிருந்தால் என்ன செய்திருப்பார்? போனில் கத்தியிருப்பார், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். அதற்கா பயந்தேன்? எனக்கும் அது வசதியாக இருந்தது. அந்தப் பெல்ட்டைக் கடையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை பிளாஸ்டிக் கூடு. எந்த உடுப்புக்குள்ளும் அடங்காது. பள்ளியில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், சித்திரை வெயிலில் பிள்ளைக்கு வேர்க்குரு வரும். எட்டு மாதம்தானே, அவர் வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

அவருடைய அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். ராத்தா என்றுதான் நானும் கூப்பிடுவேன். அவரிடம் மட்டும் சொன்னேன். கெட்ட மனுஷி இல்லை; என் பிரசவத்துக்கு இரவு பகல் கூட இருந்தவர். உடனே ஓதிய தண்ணீர் வாங்கி வந்தார். சுளுக்கு எடுக்கிறவர் ஒருவரிடம் கேட்டு எண்ணெய் வாங்கி வந்தார். மகள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, எட்டுகிற இடம்வரை தானே தடவிக்கொண்டாள். எட்டாத இடத்தில்தான் வளைவு இருந்தது.

எட்டு மாதம் பதினாலு ஆயிற்று. மாற்று ஆள் வரவில்லை என்று கம்பெனியில் லீவைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். அந்த வருஷம் அவள் சட்டென்று உயர்ந்தாள். தெருவில் எல்லாரும் உம்மாவைத் தாண்டிவிட்டாளே என்றார்கள். நான் மட்டும் ஒவ்வொரு பாவாடையையும் நீளம் இறக்கித் தைக்கும்போது டாக்டர் சொன்ன ஒன்றரை வருஷத்திலிருந்து ஒவ்வொரு மாதமாகக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்த நோன்புப் பெருநாளுக்கு அளவு எடுத்தேன். இடது தோளுக்கு முக்கால் இஞ்ச். நோட்டில் எழுதினேன். அந்த அளவுக்கு ஸ்பாஞ்சை அடுக்கிப் பேட் வைத்தேன். பெருநாளன்று பிள்ளையைக் கோணலாக அனுப்ப முடியுமா? அதற்குப் பிறகு அவள் தோளுக்கு நான் டேப் வைக்கவில்லை, கண் அளவிலேயே தைத்தேன்.

அவர் வந்தார். மூன்றாம் நாளே தஞ்சாவூர் போனோம். டாக்டர் மகளைத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்ப் பார்த்தார், நானும் போனேன். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமே நின்றார். வயதுக்கு வந்த மகளின் முதுகை வாப்பா பார்ப்பது எங்கள் வீடுகளில் இல்லை. அவராக நின்றார், நானும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. வளைவு ஐம்பத்தொன்று ஆகியிருந்தது. வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது, இனிமேல் பெல்ட் கட்டிப் பயனில்லை என்றார் டாக்டர். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பழைய எக்ஸ்ரேயின் தேதியைப் பார்த்தார், புதியதின் தேதியைப் பார்த்தார், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

இனி ஆபரேஷன்தான் என்றார். முதுகெலும்பில் கம்பி வைத்து நிமிர்த்துவது. இந்த அளவுக்கு மேலே போன வளைவு வளர்ச்சி நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும், போகப் போக நுரையீரலுக்கு இடம் குறையும், மூச்சுக்கு அவஸ்தை வரும் என்றார். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆபரேஷனில் கால் விளங்காமல் போகுமா? அது ரொம்பவும் அபூர்வம், ஆனால் நடக்கவே நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நேர்மையான பதில். அதில் முதல் பாதி அவர் காதில் விழவே இல்லை.

கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்தார்கள். அம்மா போட்டாலும் போதும் என்றார்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அளவு நோட்டுக்குள் வைத்தேன். அவர் லீவு முடிகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றார் அவர். ராத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும்.

"ஆபரேஷன் பண்ணினா ஊரு பூரா தெரிஞ்சு போவும். முதுவுல கம்பி வச்ச புள்ளைய எவன் கட்டுவான்? நீ தைக்கிற தையல்ல நம்ம வீட்டோட போயிடும். இத்தன நாளா யாருக்காவது தெரிஞ்சுதா? சொல்லு."

யாருக்கும் தெரியவில்லை. அதுதான் உண்மை. திரும்பும்போதுதான் பார்த்தேன், மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று நான் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்தது. மாடியும் முடிந்தது, சுண்ணாம்பு அடித்து, டைல்ஸ் போட்டு, ஜன்னலுக்குப் பச்சைக் கண்ணாடி வைத்தார்கள். அவளுக்காகக் கட்டிய மாடிக்கு அவள் ஏறினால் பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். வியூ பார்க்கிறேன் என்பாள். படிக்கட்டில் என்ன வியூ? எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க். பள்ளியிலும் மாடி வகுப்புதான். தோழிகள் முன்னால் ஓட, இவள் ஷூ லேசைக் கட்டுகிற சாக்கில் நடுவில் உட்கார்ந்து எழுவாள் என்று பிறகு தெரிந்தது. பந்து விளையாடுவதை விட்டாள். கடற்கரைக்குக் கூப்பிட்டால் மணலில் நடக்க அலுப்பாக இருக்கிறது என்றாள். முதுகு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். அப்படிக் கேட்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்து நானும் கேட்பதை நிறுத்தினேன்.

விளையாட முடியாத பிள்ளை மெஷினில் வந்து உட்கார்ந்தாள். முதலில் ஊக்கு தைத்தாள், பிறகு ஓரம் அடித்தாள். ஆறு மாதத்தில் முழு சுடிதார் தைத்தாள். நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கை இருக்கிறது. எனக்கு அது சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. அவள் வளைந்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து போய் நிமிர்த்திவிட வேண்டும் போல இருக்கும். குனிந்து உட்கார்ந்ததால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னதும் கூடவே ஞாபகம் வரும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். ஐம்பத்தெட்டு. அப்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் தடவை அவர் லீவு நோன்புப் பெருநாளையொட்டி விழுந்தது. பெருநாள் கழிந்த மறுவாரம் தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கினேன். அவள் வாப்பா ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அவர் பார்த்ததே இல்லை. எக்ஸ்ரே என்பது அவருக்குக் கறுப்புத் தாள். அவர் கண் முன்னால் நடமாடுகிற பிள்ளை நேராக இருக்கிறாள், ஏனென்றால் நான் நேராக்கி அனுப்புகிறேன். நாலு வருஷமாக என் மகளைக் கைவிட்டது வேறு யாரும் இல்லை, என் தையல்தான். அதை நிறுத்தினால் அவர் பார்ப்பார், ராத்தா பார்ப்பார், பெருநாளுக்கு வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். பார்த்த பிறகு மறைக்க ஒன்றும் இருக்காது. மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குத் தடையும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்துதானே நின்றோம், ஊருக்கே தெரிந்துவிட்டுப் போகட்டும்.

பச்சை நிறத்தில் சில்க் காட்டன் எடுத்தேன். இரண்டு தோளையும் ஒரே அளவில் வெட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே நீளம். பேட் இல்லை, கேன்வாஸ் இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிற நேர் வெட்டு. வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் எந்தத் துணியையும் வெட்டியதில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் அஸர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். இடது தோள் சரிந்து கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. முதுகில் வலது பக்கம் மேடு துணியைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது. ஓரம் சாய்ந்து ஒரு கணுக்காலை மூடி இன்னொன்றைக் காட்டியது. அந்தக் குவைத் கவுனுக்குப் பிறகு இப்படிப்பட்ட உடுப்பில் என் மகளை நான் பார்த்ததில்லை. அவளும் தன்னைப் பார்த்ததில்லை. பக்கவாட்டில் திரும்பினாள். மறுபக்கம் திரும்பினாள். சாய்ந்த ஓரத்தைக் கையால் இழுத்துப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் இப்படித் தைச்சீங்களா உம்மா?"

ஆமாம் என்றேன். வாப்பா பார்க்க வேண்டும், பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவார், நீ நன்றாக மூச்சு விட வேண்டாமா என்று எனக்குத் தெரிந்த மாதிரி எல்லாம் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். சரி உம்மா, நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் என்றாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அடுப்படியில் மறுநாளைக்கு இறைச்சி ஊறப்போட வேண்டியிருந்தது, வட்டிலாப்ப இனிப்புக்கு முட்டை அடிக்க வேண்டியிருந்தது. முட்டை அடித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பெருநாளுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் மெஷின் ஓடுவது வழக்கம்தான். யாருடையதோ ஒரு ஓரம் பாக்கி இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தொழுகை முடிந்து அவர் வந்தார், ராத்தா வந்தார், சொந்தங்கள் வந்தார்கள். மகள் அறையிலிருந்து பச்சைச் சுடிதாரில் வந்தாள். துப்பட்டாவை ஒரு பக்கமாக மட்டும் போட்டிருந்தாள், மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லாத பெண் போடுகிற மாதிரி. இரண்டு தோளும் சமமாக இருந்தன. ஓரம் தரைக்கு நேராக நின்றது. முதுகில் எங்கேயும் இழுக்கவில்லை. அவள் போய் வாப்பாவுக்கு சலாம் சொன்னாள். அவர் எழுந்து நின்று அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாஷா அல்லாஹ். புள்ள எவ்வளவு நேரா நிக்கிது பாரு. இதுக்குப் போயா முதுவ அறுக்கச் சொல்றீங்க?"

ராத்தா என்னைப் பார்த்து மெச்சுகிற மாதிரித் தலையசைத்தார். பேட் வைத்தது நான் என்று நினைத்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாப்பா கையில் வைத்த பெருநாள் காசைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அந்த இடத்திலேயே உடுப்பைப் பிடித்துக் கிழித்திருக்கலாம். அளவு நோட்டை எல்லார் முன்னாலும் விரித்துப் போட்டிருக்கலாம். நான் எல்லாருக்கும் வட்டிலாப்பம் எடுத்து வைத்தேன்.

தஞ்சாவூருக்குப் போகவில்லை. அவர் லீவு முடிந்து போய்விட்டார். அடுத்த லீவுக்கு அவளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் ஆபரேஷன் என்று ஆரம்பித்தால் மகளே எழுந்து போய்விடுகிறாள். அவளுடைய கையெழுத்தும் இப்போது தேவைப்படும் என்று டாக்டர் சொல்கிறார். மாடிப்படியில் முன்பு ஒரு தடவை நிற்பாள், இப்போது இரண்டு தடவை நிற்கிறாள்.

பெருநாள் கழிந்த வாரம் ஒரு ஜாக்கெட்டுக்காக அளவு நோட்டை எடுத்தேன். அவளுக்கென்று ஒதுக்கிய பக்கம் தற்செயலாகத் திரும்பியது. கால், அரை, முக்கால் என்று என் கையெழுத்து இறங்கிக்கொண்டே வந்தது. அதற்குக் கீழே, அவளுடைய குண்டு எழுத்தில், பெருநாளுக்கு முந்தின நாள் தேதி போட்டு ஒரு வரி இருந்தது. இடது தோளுக்கு ஒரு இஞ்ச் என்று எழுதியிருந்தாள். அவ்வளவு ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. தனியாக நின்று, தனக்குத் தானே டேப் போட்டு எடுத்திருக்கிறாள்.